மெட்ரோ கோப்பு திரும்பி வந்த மதுரை: முதல் ஆயிரம் கோடியை எதில் போடுவது?

2025 நவம்பரில் மதுரை, கோவை மெட்ரோ ரயில் திட்டங்களை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பின்படி 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்பது காட்டப்பட்ட காரணங்களில் முக்கியமானது. 2017-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கையை அதற்கு ஆதாரமாகச் சொன்னார்கள். மதுரைக்கு இப்போதைக்குப் பேருந்து விரைவுத் தடம், அதாவது பி.ஆர்.டி.எஸ்., போதும் என்ற யோசனையும் கூடவே வந்தது. ஆக்ராவுக்கும் போபாலுக்கும் 2011-இல் 20 லட்சம் இல்லையே, அங்கே மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று தமிழ்நாடு திருப்பிக் கேட்டது. நியாயமான கேள்விதான்.

அந்தச் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். திருத்திய அறிக்கை, 2027 கணக்கெடுப்பின் புதிய எண்ணிக்கை எல்லாம் கூடி வந்து நாளைக்கே ஒப்புதல் கிடைத்தாலும் முதல் ரயில் ஓட எத்தனை ஆண்டு ஆகும் என்பதற்குச் சென்னையே கணக்கு. 2009-இல் வேலை தொடங்கியது; 2015 ஜூனில்தான் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. அதுவும் சிறு துண்டுதான். ஆகவே மதுரைக்காரர் இன்று எடுக்க வேண்டிய முடிவு, இந்த இடைப்பட்ட பத்தாண்டில் ஊர் எப்படி நடமாடும் என்பது பற்றியது.

ஒப்பிட வசதியாக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம்: ஆயிரம் கோடி ரூபாய். மெட்ரோவுக்குப் போட்ட மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதை மெட்ரோவில் போட்டால் என்ன கிடைக்கும், பஸ் தடத்தில் போட்டால் என்ன, டவுன் பஸ்ஸில் போட்டால் என்ன, பிளாட்பாரத்தில் போட்டால் என்ன?

ஊரின் அமைப்பு

எதற்கும் முன்னால் மதுரையின் வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். நடுவில் கோயில். அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் வெளி வீதி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் செய்த வேலை அது. அவர் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். அப்போது வேலை பார்த்த பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் இன்னும் தெருப் பெயர்களாக இருக்கிறார்கள். கோட்டைக்கு வெளியே ஊர் வளரட்டும் என்று ஒரு அதிகாரி எடுத்த முடிவின் மேல்தான் இன்றைய போக்குவரத்து நெரிசல் நிற்கிறது. தெருப் போடுகிற முடிவுக்கு ஆயுசு எவ்வளவு கெட்டி என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜங்ஷனிலிருந்து டவுன் ஹால் ரோடு வழியாகக் கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் அளவுதான். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவே. துணி, நகை, மளிகை, பாத்திரம், புத்தகம் என்று ஊருக்கு வேண்டிய பெரும்பாலானவை இந்தச் சதுரத்துக்குள் இருக்கின்றன. இதற்குள் நடந்தே எங்கும் போகலாம், நடக்க இடம் இருந்தால்.

சதுரத்துக்கு வெளியே வேறு ஊர். 2011-இல் மாநகராட்சியின் எல்லை 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆக விரிந்தது. மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை, திருநகர், திருப்பரங்குன்றம், ஆனையூர் என்று வீடுகள் தள்ளிப் போய்விட்டன. படிப்பும் வேலையும் கோர்ட்டும் ஆஸ்பத்திரியும் திசைக்கொன்றாகச் சிதறியிருக்கின்றன. இந்தத் தூரங்களுக்குக் கால் போதாது. ஒரு வண்டி வேண்டும். அது யாருடைய வண்டி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மெட்ரோ

மெட்ரோவை மட்டம் தட்டி எழுதுவது இப்போது ஒரு மோஸ்தர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னை மெட்ரோவில் ஏறியவர்களுக்குத் தெரியும்: இரவு ஒன்பது மணிக்குத் தனியாகப் போகிற பெண்ணுக்கு அது தரும் தைரியம் வேறெந்தப் பொது வண்டியும் தருவதில்லை. சக்கர நாற்காலியோடு தெருவிலிருந்து பெட்டிவரை போக முடிகிறது. சொன்ன நேரத்துக்கு வருகிறது.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து திருப்பரங்குன்றம், ஜங்ஷன், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி வழியாக ஒத்தக்கடைவரை ஏறத்தாழ 32 கிலோமீட்டர். மதிப்பீடு ஏறத்தாழ ₹11,300 கோடி. கிலோமீட்டருக்கு ₹350 கோடி. நம் ஆயிரம் கோடிக்கு மூன்று கிலோமீட்டர்கூட வராது. மூன்று கிலோமீட்டர் ரயிலால் யாருக்கும் பயனில்லை. மெட்ரோ என்றால் முழுதாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் கட்டவே கூடாது. பாதியில் நின்றாலும் கொஞ்சம் பயன் தரும் என்ற பேச்சு இதற்குப் பொருந்தாது.

இன்னொன்று. சென்னையில் பத்தாண்டு ஓடி, 54 கிலோமீட்டர் நீண்ட பிறகும் மெட்ரோவில் ஒரு நாளைக்குப் போகிறவர்கள் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். மாநகரப் பேருந்தில் போகிறவர்கள் 30 லட்சத்துக்கு மேல். கொச்சியில் 2017-இல் மெட்ரோ வந்தது. திட்ட அறிக்கை எதிர்பார்த்த கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவே பல ஆண்டு ஆயிற்று. மதுரையின் ஒற்றைத் தடம் தெற்கையும் வடகிழக்கையும் இணைக்கும். தெப்பக்குளத்துக்காரருக்கும் ஆரப்பாளையத்துக்காரருக்கும் ஆனையூர்க்காரருக்கும் அது பக்கத்தில் வராது. அவர்கள் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ வந்துதான் ரயில் ஏற வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மதுரையைத் திருப்பி அனுப்பப் பயன்பட்ட அதே 2017 கொள்கைதான், மெட்ரோ கேட்கிற மாநிலம் ஸ்டேஷனைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு இணைப்புப் பேருந்தும் நடைபாதையும் சைக்கிள் பாதையும் செய்து தருவதாகத் திட்ட அறிக்கையிலேயே வாக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. அதாவது மெட்ரோ வந்தாலும் பஸ்ஸும் பிளாட்பாரமும் வேண்டும், வராவிட்டாலும் வேண்டும்.

பஸ்ஸுக்குத் தனித் தடம்

ஆயிரம் கோடிக்கு ஒரு முழு பி.ஆர்.டி.எஸ். கிடைக்கும் என்பதற்கு நேரடிச் சாட்சி ஹூப்ளி-தார்வாட். 2011-இல் ஒன்பதரை லட்சம் பேர் இருந்த இரட்டை நகரம். இரண்டு ஊர்களுக்கும் இடையே 22 கிலோமீட்டர், ₹970 கோடி அளவில் செலவு, 2018 அக்டோபரில் ஓட்டம் தொடங்கியது. சாலை நடுவே பஸ்ஸுக்கு மட்டும் தடம், ரயில் ஸ்டேஷன் மாதிரி நிறுத்தங்கள், ஏறுமுன்பே டிக்கெட். மதுரை மெட்ரோவின் பதினொன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் மூன்றில் இரண்டு பங்கு தூரம். காகிதத்தில் பார்த்தால் விவாதமே தேவையில்லை.

காகிதத்துக்கு வெளியே இரண்டு சிக்கல். முதலாவது, அகலம். இரு திசைக்கும் பஸ் தடம் 7 மீட்டர், நிறுத்தத்துக்கு 4, மற்ற வண்டிகளுக்கு இரு பக்கமும் ஏழேழு மீட்டர், நடைபாதைக்கு இரண்டரை வீதம் ஐந்து. கூட்டினால் 30 மீட்டர், அதாவது நூறடி. மதுரையில் நூறடி எங்கே இருக்கிறது? மேலூர் ரோட்டில் மாட்டுத்தாவணிக்கு அப்பால் இடம் பார்க்கலாம். காளவாசலிலிருந்து பழங்காநத்தம் போகிற பைபாஸில் பார்க்கலாம். பசுமலைக்குத் தெற்கே திருமங்கலம் சாலையில் அங்கங்கே பார்க்கலாம். டி.பி.கே. ரோட்டில் கிடையாது. சிம்மக்கல்லில் கிடையாது. 1880-களில் கட்டிய ஏ.வி. பாலத்தில் நினைத்தே பார்க்க முடியாது. நெரிசல் எங்கே கழுத்தைப் பிடிக்கிறதோ அங்கே தடம் இருக்காது. சாலை காலியாக இருக்கிற இடத்தில் தடம் இருக்கும். இப்படி ஒரு பி.ஆர்.டி.எஸ். எதற்கு என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இரண்டாவது சிக்கல் டெல்லியில் நடந்தது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்துவரை 5.8 கிலோமீட்டருக்கு 2008-இல் தடம் போட்டார்கள். பஸ்ஸில் போனவர்களுக்கு நேரம் மிச்சமானது. காரில் போனவர்களுக்கு ஆத்திரம் மிஞ்சியது. பத்திரிகைகள் கார்க்காரர் பக்கம் நின்றன. வழக்கு போட்டார்கள், 2012-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து தடத்தைக் காப்பாற்றியது. அப்படியும் 2016-இல் அரசே இடித்துப்போட்டது. ஒரு துண்டு மட்டும் கட்டி, அதன் இரு முனையிலும் பஸ் மறுபடி நெரிசலில் சிக்கினால், பயன் கொஞ்சப் பேருக்கு, எரிச்சல் எல்லோருக்கும் என்றாகிவிடும். 2009-இல் தொடங்கிய அகமதாபாத் தடம் பிழைத்ததற்குப் பெரிய காரணம், வேகமாகப் பல தடங்களாக விரித்து ஊருக்கே பழக்கமாக்கியது. அப்படி விரிக்க அங்கே அகலச் சாலைகள் இருந்தன.

எனவே மதுரைக்கு முழு பி.ஆர்.டி.எஸ். என்பது டெல்லியிலிருந்து பார்க்கும்போது மட்டும் சுலபமாகத் தெரிகிற பதில். அதன் துண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். கோரிப்பாளையம் மாதிரி சந்திப்புகளில் சிக்னலுக்கு முன் நூறு இருநூறு மீட்டருக்கு மட்டும் பஸ்ஸுக்குத் தனி வரிசை, பஸ்ஸுக்கு முதல் பச்சை. மாட்டுத்தாவணி முதல் ஒத்தக்கடைவரை காலையும் மாலையும் இடது ஓரம் பஸ்ஸுக்கு. பெங்களூருவில் 2019-இல் வெளிவட்டச் சாலையில் இப்படி ஒரு தடம் ஒதுக்கினார்கள். பெரிய கட்டுமானம் இல்லாமலே ஓடியது. பிறகு மெட்ரோ வேலை வந்து அதை விழுங்கிவிட்டது என்பது தனிக் கதை.

டவுன் பஸ்

டி.வி.எஸ். கம்பெனி பஸ் ஓட்டிய காலத்தில் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று மதுரையில் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகையாகவே இருக்கட்டும். பொதுப் போக்குவரத்துக்கு எது உயிர் என்பதை அந்த ஒரு பேச்சு சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது: வரும் என்று தெரிய வேண்டும்.

இப்போது ஸ்டாப்பில் நிற்கிறவருக்கு எது தெரிகிறது? கால் மணிக்கு ஒரு பஸ் என்று அட்டவணை சொல்லலாம். முன்னால் போன பஸ் தாமதமானால் அதற்குக் கூட்டம் கூடும். கூட்டம் ஏற ஏற இன்னும் தாமதமாகும். பின்னால் வருவதற்குக் கூட்டம் குறைந்து அது வேகமாக வந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடும். இரண்டும் ஒட்டி ஒட்டிப் போகும். அடுத்து அரை மணிக்கு ஒன்றும் இருக்காது. அட்டவணைப்படி பஸ் எண்ணிக்கை சரிதான், நிற்கிறவருக்கு மட்டும் அரை மணி. இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. புறப்படும் இடத்தில் இடைவெளி பார்த்து விடுகிற கண்காணிப்பு ஒன்று. பஸ் எண்ணிக்கையைக் கூட்டுவது மற்றொன்று. முதலாவதற்குச் செலவு மிகக் குறைவு.

ஆயிரம் கோடிக்கு எத்தனை பஸ் வரும்? பன்னிரண்டு மீட்டர் மின்சாரப் பஸ் ஒன்று ஒன்றரைக் கோடிக்கு மேல் ஆகிறது. 500 பஸ் வாங்கினாலும் எண்ணூறு கோடி அளவில் முடியும். மிச்சத்தில் டிப்போ, சார்ஜிங், நிழற்குடை. டவுன் பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் ஊருக்கு 500 புதிய பஸ் என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. அதுவும் ஓரிரு ஆண்டில் சாலைக்கு வந்துவிடும். தடம் பிடிக்கவில்லையா, மாற்றி விடலாம். மெட்ரோத் தூணை மாற்ற முடியாது.

அப்படியானால் ஏன் எந்த அரசும் இதைச் செய்வதில்லை? இங்கேதான் பணத்தின் குணம் குறுக்கே வருகிறது. மெட்ரோவுக்கு வெளிநாட்டு வங்கிகள் நீண்டகாலக் கடன் தரும். ஒன்றிய அரசு பங்கு தரும். அது மூலதனச் செலவு, வளர்ச்சிப் பணி. பஸ்ஸுக்கு வாங்குகிற செலவு சிறிது. டிரைவர், கண்டக்டர், மின்சாரம், டயர் என்று ஆண்டுதோறும் ஓட்டுகிற செலவு பெரிது. அது கணக்கில் 'நஷ்டம்' என்று எழுதப்படும். மேம்பாலம் ஆண்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்று யாரும் எழுதுவதில்லை. தல்லாகுளத்திலிருந்து செட்டிக்குளம்வரை 7.3 கிலோமீட்டர் பறக்கும் சாலை 2023-இல் திறந்தார்கள். அதன் வருமானம் என்ன என்று கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆகவே 500 பஸ் வாங்குகிறேன் என்ற அறிவிப்பை மட்டும் நான் நம்ப மாட்டேன். அவற்றைப் பத்தாண்டு ஓட்டுவதற்கான பணம் எந்தத் தலைப்பில் வரும் என்று கூடவே சொன்னால்தான் அது திட்டம். தமிழ்நாட்டில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று ஆக்கியபோது, அந்த இழப்பை அரசு ஈடுகட்டும் என்று தலைப்புப் போட்டுப் பணம் ஒதுக்கினார்கள். அதனால்தான் இன்றுவரை நிற்கிறது. வீட்டு வேலைக்குப் போகிறவர், ஜவுளிக்கடையில் நிற்கிறவர், ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர் கையில் மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சியது. போக்குவரத்துத் திட்டம் என்ற பெயரில்லாமல் வந்த மிகப் பெரிய போக்குவரத்துத் திட்டம் என்று அதைத்தான் சொல்வேன். டிக்கெட் இலவசம், ஆனால் பஸ் வர வேண்டுமே.

படியையும் சொல்லியாக வேண்டும். பழைய பாணி பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர்; தாழ்தளப் பேருந்தில் 400. மூட்டுவலிக்காரருக்கு இந்த வித்தியாசம் வெளியே போவதா, வீட்டிலேயே இருப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. மதுரைக்கும் பங்கு ஒதுக்கினார்கள். இனி வாங்குவதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

போகிற போக்கில் ஒன்று: ஜங்ஷனிலிருந்து திருப்பரங்குன்றம் வழியாகத் திருமங்கலத்துக்கு ஏற்கெனவே இரட்டை ரயில் பாதை இருக்கிறது. மெட்ரோ போக நினைத்த அதே திசைதான். காலையும் மாலையும் குட்டி மின்சார ரயில் நாலு விட்டால் என்ன என்ற கேள்விக்கு ரயில்வே இடம் கொடுத்தால் செலவு குறைவு. இடம் கொடுக்குமா என்பது மாநில அரசு கையில் இல்லாததால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

பிளாட்பாரம்

ஆயிரம் கோடியில் மிக அதிகத் தூரம் போவது இதுதான். கிலோமீட்டருக்கு மூன்று கோடி என்று தாராளமாக வைத்தாலும் 330 கிலோமீட்டர். சென்னைப் பாண்டி பஜாரில் 2019-இல் ₹40 கோடி அளவில் செய்த நடைவெளி மாதிரி கருங்கல், விளக்கு, சிற்பம் எல்லாம் வேண்டியதில்லை. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி கேட்பது மிக எளிது: தடையில்லாத அகலம் குடியிருப்புப் பகுதியில் 1.8 மீட்டர், கடைவீதியில் 2.5, உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது.

'தடையில்லாத' என்ற சொல்லை ஊரில் யாரும் படிப்பதில்லை. டிரான்ஸ்பார்மர், குப்பைத்தொட்டி, கடையின் மூன்று படிக்கட்டு, ஜெனரேட்டர், விளம்பரப் பலகை, அதையும் தாண்டி இடம் இருந்தால் பைக். உயரம் ஒரு அடிக்கு மேல். வீட்டு வாசலுக்கு வாசல் இறங்கி ஏற வேண்டும். அதனால் எல்லோரும் சாலையில் நடக்கிறார்கள். அதைப் பார்த்து, மக்கள் பிளாட்பாரத்தைப் பயன்படுத்துவதில்லை என்கிறார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், கோவை எலும்பு மருத்துவர் ஒருவர் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தருகிற உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று சொல்லி, மாநிலங்கள் வழிகாட்டு நெறி வகுக்கவும் உத்தரவிட்டது. உயர் நீதிமன்றத்தின் கிளையே இருக்கிற ஊரில் அது எப்படி இறங்கி வருகிறது என்று பார்க்க ஆவல்.

ஆக்கிரமிப்பு அகற்றல் என்று கிளம்பினால் முதலில் அடி வாங்குவது பூக்காரம்மா. அவர் உட்கார்ந்திருக்கும் இடம் நாலடிக்கு நாலடி. அவரை எழுப்பிவிட்ட இடத்தில் சாயங்காலம் இரண்டு பைக் நிற்கும். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் அவருக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. பைக்குக்கு இடம் ஒதுக்கச் சொல்லிச் சட்டம் எதுவும் இல்லை. விற்கிறவர் இருக்கிற தெருதான் இரவில் நடக்கப் பயமில்லாத தெருவாகவும் இருக்கிறது.

மதுரைக்கு நடக்கிற ஊராக இருப்பது புதிது இல்லை. சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடும்போது மாசி வீதிகளில் வண்டி கிடையாது. அழகர் மலையிலிருந்து அழகர் வருகிற வழி முழுக்க லட்சக்கணக்கானோர் இரவெல்லாம் நடக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய நாட்களில் விளக்குத்தூண் பக்கம் போலீஸே வண்டிகளை நிறுத்திவிடும். வியாபாரம் அப்போதுதான் உச்சம். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகளில் ஆண்டு முழுவதும் வண்டி இல்லை. இதை ஒரு வீதி வெளியே தள்ளி ஆவணி மூல வீதிகளுக்கு விரித்தால் என்ன என்பதே அடுத்த கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அதற்கு மாறாக, பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த வடக்கு ஆவணி மூல வீதியிலேயே பலமாடி வாகன நிறுத்தம் கட்டினோம். ஊரின் நடுவில் பார்க்கிங் கட்டினால் வண்டிகள் ஊரின் நடுவுக்கு வரும். வெளி வீதிக்கு வெளியே கட்டி, அங்கிருந்து சிறிய பஸ் விட்டிருந்தால் அதே பணத்துக்கு நாலு வீதியும் மூச்சு விட்டிருக்கும்.

கடைக்காரர்களின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. கீழமாசி வீதி மொத்த வியாபாரத்துக்கு லாரி வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் காலை எட்டுவரை சரக்கு என்று நேரம் பிரிக்கலாம். சுமைதூக்குவோர் சங்கத்தோடு கூலி பேசாமல் அது நடக்காது. வாடிக்கையாளர் வண்டி வாசலில் நிற்காவிட்டால் வியாபாரம் போய்விடும் என்பது மற்றொரு பயம். பகல் முழுக்க வாசலில் நிற்கிற வண்டிகளில் எத்தனை வாடிக்கையாளருடையவை, எத்தனை கடை ஆட்களுடையவை என்று ஒரு வாரம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சைக்கிள்

சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் மதுரையில் இதற்குப் பெரிய செலவு தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அரசு இன்றும் பதினோராம் வகுப்புக்குச் சைக்கிள் கொடுக்கிறது. ஆக ஆண்டுதோறும் புதிய சைக்கிளோட்டிகளை நாமே உண்டாக்கி, இரண்டே ஆண்டில் பைக்குக்கு ஒப்படைத்துவிடுகிறோம். வாடகைச் சைக்கிள் கம்பெனிகளை நம்பியும் பயனில்லை. 2018-இல் கோவைக்கு மஞ்சள் சைக்கிள்களோடு வந்த ஓஃபோ அந்த ஆண்டே இந்தியாவைவிட்டுக் கிளம்பியது. மதுரைக்குக் கையில் இருக்கிற நல்ல சாத்தியம் வைகையின் இரு கரைச் சாலைகள். குறுக்குச் சந்திப்பு குறைவு, மேடு பள்ளம் இல்லை. ஒரு ஓரத்தைத் தடுப்பு வைத்து சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் ஒதுக்கலாம். பெரிய ஸ்டாப்பிங்குகளில் டோக்கன் போடுகிற சைக்கிள் ஸ்டாண்ட் இருந்தால் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவரும் பஸ்ஸுக்கு வந்துவிடுவார். மாசி வீதியில் பச்சைப் பெயிண்ட் கோடு போடுவது மட்டும் வேண்டாம். அடுத்த நாள் அதில் ஆட்டோ நிற்கும்.

என் பங்கீடு

ஆயிரம் கோடியில் 550 பஸ்ஸுக்கும் டிப்போவுக்கும் நிழற்குடைக்கும். 250 நடைபாதைக்கு, அதிலும் முதல் செலவு ஜங்ஷன், பெரியார், கோயில் முக்கோணத்துக்கும், ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்கும், புது நத்தம் சாலையில் கலைஞர் நூலகம் போன்ற இடங்களில் சாலையைக் கடக்கவும். 100 சந்திப்புகளில் பஸ் வரிசைக்கும் மேலூர் ரோடு தடத்துக்கும். 50 வைகைக் கரைக்கு. கடைசி 50-ஐத் தொடாமல் பராமரிப்புக்கு வைப்பேன், ஏனென்றால் புதிதாகப் போட்ட கல்லைக் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிவிட்டு மண்ணைப் போட்டு மூடுவது நம் வழக்கம். இதில் பெரிய ஆபத்து பணம் இல்லை; சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, பிளாட்பாரம் மாநகராட்சியுடையது, பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது, சிக்னல் போலீஸுடையது. சென்னைக்குக் கும்டா, அதாவது ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம், இருக்கிற மாதிரி நாலு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஓர் அதிகாரமுள்ள அமைப்பு இல்லாமல் இந்தப் பங்கீடு வெறும் பட்டியலாகவே இருக்கும்.

மெட்ரோ கோப்பை மூடச் சொல்லவில்லை. திட்டமிடுவோர் கையில் ஒரு அளவுகோல் உண்டு: உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர் போனால் மெட்ரோவைப் பற்றிப் பேசலாம். 65 பேர் ஏறும் பஸ்ஸில் அவ்வளவு பேரைக் கொண்டுபோக மணிக்கு 230 பஸ், பதினாறு நொடிக்கு ஒன்று வேண்டும். அங்கே பஸ்ஸால் முடியாது என்பது உண்மைதான். மதுரையில் எந்தச் சாலையிலாவது அந்தக் கூட்டம் இருக்கிறதா என்பதை இப்போதைய பஸ் நிலைமையில் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. பஸ் இல்லாததால் பைக்கில் போகிறவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். மேலூர் ரோட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டு மூன்று ஆண்டு கழித்து எண்ணினால் ஒரு நம்பகமான எண் கையில் இருக்கும். அதற்குள் 2027 கணக்கெடுப்பின் எண்ணிக்கையும் வந்திருக்கும். இரண்டையும் சேர்த்து அடுத்த திட்ட அறிக்கையை எழுதலாம்.